புது ஹீரோவைச் சுற்றி நாலு பேர்: டோட்டா 2 கேள்வி பதில்

டோட்டா 2 என்பது ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் கணினி விளையாட்டு, ஆளுக்கொரு ஹீரோ எடுத்து ஆட வேண்டும். அதில் புது ஹீரோ வந்தால் முதல் இரண்டு வாரம் ஒரே கூத்துதான். எல்லோரும் அதையே எடுப்பார்கள், பாதிப் பேர் தோற்பார்கள், பிறகு ஹீரோ சரியில்லை என்பார்கள். நான் பல வருடமாக சப்போர்ட், அதாவது மற்றவர்களுக்கு உதவும் இடம், ஆடுபவன். எங்கள் ஐந்து பேர் குழுவில் டிராஃப்ட் போடுவதும், அதாவது யாருக்கு எந்த ஹீரோ என்று முடிவு செய்வதும், என் தலையில்தான். புது ஹீரோவை வைத்து அணி அமைப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, எங்கள் குழுவில் ஒருவன் கெஸ் என்ற ஹீரோ மேல் பைத்தியமாக இருக்கிறான். அவனுக்குத் தோதாக மற்ற நால்வரும் என்ன எடுப்பது? எங்கிருந்து யோசிக்க ஆரம்பிக்க வேண்டும்?

புது ஹீரோவால் என்னென்ன முடியும் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த ஹீரோவால் எது முடியாது என்பதை நான் முதலில் எழுதி வைப்பேன்.

கெஸ் 2024 நவம்பரில் வந்தது. கட்டானா (நீள வாள்), சாய் (குறுங்கத்தி) என்று இரண்டு ஆயுதம். ஆயுதத்தை மாற்றினால் ஸ்கில்லும் மாறும், மொத்தம் எட்டு. கொக்கி போட்டு எதிரியிடம் தாவும், சாயை எறிந்து எதிரி ஸ்கில் போட முடியாதபடி சைலன்ஸ் செய்யும், புகைக்குள் மறையும். சரி, எது முடியாது? நாலைந்து பேரை ஒரே நேரத்தில் நிறுத்தி வைக்கும் ஸ்டன் அதனிடம் இல்லை. கிட்டே போய் நின்று அடிக்க வேண்டிய ஹீரோ, ஆனால் அடி தாங்கும் உடம்பு கிடையாது. ஆக, அதற்கு முன்னால் உள்ளே போக ஒருவர் வேண்டும், சாகப்போகும் நேரத்தில் காப்பாற்ற ஒருவர் வேண்டும்.

முன்னால் போக ஆக்ஸ் அல்லது டைட்ஹன்டர். ஆக்ஸின் 'பெர்சர்க்கர்ஸ் கால்' (Berserker's Call) ஸ்கில் விழுந்தால் பிகேபி (எதிரி ஸ்கில்களைத் தடுக்கும் சாமான்) போட்டவன்கூட ஆக்ஸைத்தான் அடித்துக்கொண்டிருப்பான். காப்பாற்ற டேசில். அதன் ஷேலோ கிரேவ் ஸ்கில் இருக்கும் சில நொடிகளில் கெஸ் சாகாது, அந்த நேரம் அதற்குத் தாராளம்.

மீதி இரண்டு இடத்தில் உங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆடும் ஹீரோக்களை வையுங்கள். ஐந்தில் ஒன்றுதான் புதிது, நாலும் பழகியது. இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. புது ஹீரோவுக்குப் பொருத்தம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒருமுறைகூடத் தொடாத ஹீரோவை ஆளாளுக்கு எடுத்தால் ஐந்து பேரும் சேர்ந்து பாடம் படிக்கும் ஆட்டமாகிவிடும்.

ப்ரோ, எங்கள் அணியில் ஐந்துமே செம டேமேஜ். ஆனாலும் டீம்ஃபைட் (மொத்த அணியும் மோதும் சண்டை) வந்தாலே சுருண்டு விழுகிறோம். என்ன தப்பு?

நாங்களும் இதே குழியில் விழுந்தோம். மிட்டில் (நடுப்பாதையில்) கெஸ், கேரி (போகப்போகப் பலமாகி முக்கியமாக அடிப்பவர்) டிராவ் ரேஞ்சர், ஆஃப்லேனில் (கஷ்டமான ஓரப்பாதையில்) விண்ட்ரேஞ்சர், நாலாவதாக லீனா, சப்போர்ட்டுக்கு நான் லயன். டிராஃப்ட் முடிந்தபோது எங்களுக்கே பெருமையாக இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன், அந்தப் பெருமை ஆபத்தானது.

27-ஆவது நிமிடம், ரோஷான் என்ற பெரிய அரக்கன் இருக்கும் குழிக்கு வெளியே சண்டை. பிறகு ரீப்ளேயை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். கெஸ் கொக்கி போட்டு எதிரி ஸ்னைப்பர் பக்கத்தில் இறங்குகிறது. நான் பிளிங்க் (சட்டென்று தாவ உதவும் சாமான்) இல்லாமல் மரங்களுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருக்கிறேன். எதிரி ஷேடோ ஷாமன் கெஸ் மேல் ஹெக்ஸ் போடுகிறான், அது முடிவதற்குள் ஷேக்கிள்ஸ்; இரண்டுமே ஆளை ஒன்றும் செய்யவிடாமல் பிடித்து வைப்பவை. என் ஸ்டன்னான எர்த் ஸ்பைக் எட்டும் தூரத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது கெஸ் போய்விட்டது. எங்கள் டிராவ் நிதானமாக நின்று அம்பு விட்டுக்கொண்டிருந்தாள். யார் மேல்? எதிரி டைட்ஹன்டர் மேல். டேமேஜ் இருந்தது, போய்ச் சேர வேண்டிய இடம்தான் தப்பு.

அடுத்த ஆட்டத்தில் விண்ட்ரேஞ்சரைத் தூக்கிவிட்டு ஆக்ஸ் போட்டோம். எதிரியின் ஹெக்ஸ் முதலில் ஆக்ஸ் மேல் செலவானது. அதைப் பார்த்த பிறகே கெஸ் தாவ வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். மொத்த டேமேஜ் குறைவுதான், ஆனால் அடிப்பதற்குக் கெஸ் உயிரோடு இருந்தது.

முவேர்ட்டா என்ற ஹீரோவை எடுக்கிறேன். நடு ஆட்டம்வரை பிரமாதம், அதற்குப் பிறகு யாருமே சாகமாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் மற்ற நாலு ஹீரோ யார் என்று சொல்லவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. 2023 மார்ச்சில் வந்த முவேர்ட்டாவின் அல்ட்டி, அதாவது பெரிய ஸ்கில், பியர்ஸ் த வெயில். அதைப் போட்டதும் உடல் அடி (ஆயுதத்தால் படும் சாதாரண அடி) அதன் மேல் படாது, அதன் சொந்த அடியும் மேஜிக் டேமேஜாக மாறிவிடும். முதல் பாதியைக் கேட்டு எல்லோருக்கும் வாயில் தண்ணீர் ஊறுகிறது. இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள். கூட லீனா, ஸ்கைராத் என்று மேஜிக் அடிப்பவர்களாகவே அடுக்கினால், எதிரிகள் மேஜிக் ரெசிஸ்டன்ஸ் (மேஜிக் அடியைக் குறைக்கும்) சாமானும் பிகேபியும் வாங்கி மொத்த அணிக்கும் ஒரே பூட்டைப் போட்டுவிடுவார்கள்.

மற்ற இரண்டு கோர்களில், அதாவது முக்கியமாக அடிக்கும் இடங்களில், ஒன்றாவது உடல் அடி அடிக்கும் ஹீரோவாக இருக்கட்டும். அப்படி இருந்துவிட்டால் நாலாவது இடத்துக்கு ஸ்கைராத் நல்ல துணை. அதன் ஏன்ஷியன்ட் சீல் ஸ்கில் விழுந்தவனின் மேஜிக் ரெசிஸ்டன்ஸ் இறங்கும், அந்த நேரத்தில் முவேர்ட்டாவின் ஒவ்வொரு தோட்டாவும் கனமாக இறங்கும். மேஜிக் மேல் மேஜிக் அடுக்குவது தப்பில்லை, அது ஒன்றையே நம்பி நிற்பதுதான் தப்பு.

இன்னொன்று. அல்ட்டியில் இருக்கும்போது முவேர்ட்டாவுக்கு மேஜிக் அடி படும். எதிரணியில் ஜியூஸ், லயன் மாதிரி ஆட்கள் இருந்தால் தைரியமாக நடுவில் போய் நிற்காதீர்கள்.

புது ஹீரோவை முதலில் எடுப்பதா, கடைசியில் எடுப்பதா?

கடைசியில்.

காரணமும் கேட்பீர்கள். முதலில் எடுத்தால் எதிரிகள் ஐந்து பேரும் அதற்குப் பதில் தேடுவார்கள், உங்களுக்கோ அந்தப் பதில்களை எப்படிச் சமாளிப்பது என்று இன்னும் தெரியாது. அதை யாராவது பேன் (எடுக்க முடியாதபடி தடை) செய்துவிடுவார்களே என்ற பயம் இருந்தால், செய்யட்டும், வேறு ஆடுங்கள்.

நான் ஐந்தாவது இடமான சப்போர்ட் மட்டுமே ஆடுபவன். புது ஹீரோவே சப்போர்ட் என்றால் அணியை எப்படி அதைச் சுற்றிக் கட்டுவது? சப்போர்ட்டைச் சுற்றி யாராவது அணி கட்டுவார்களா?

கட்டலாம், கட்டவும் வேண்டும். ரிங்மாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் வந்தது. அதன் வீல் ஆஃப் வொண்டர் சக்கரத்தைப் பார்த்து நிற்கும் எதிரிகள் மயங்கி அதை நோக்கியே நடப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டவனை அது ஒன்றும் செய்யாது. சக்கரம் தனியாக வந்தால் கொஞ்சம் விவரம் தெரிந்த எதிரி திரும்பி நின்றுவிடுவான். ஆனால் அவனைத் திரும்ப விடாமல் முன்னால் ஒரு ஆக்ஸோ, துரத்திக்கொண்டு ஓட ஒரு இரையோ இருந்தால் கதை வேறு. எங்கள் குழுவில் கேரி வேண்டுமென்றே பின்வாங்குவார், துரத்தி வருபவர்களின் முகத்துக்கு நேரே சக்கரத்தை வைப்பேன். அவர்கள் ஓடி வரும் திசையிலேயே சக்கரம் இருக்கிறதே! நடந்து வந்து சேரும் இடத்தில் ஜாகிரோவின் மேக்ரோபயர். எதிரிகள் தாங்களாகவே நெருப்புக்குள் நடந்து வருவதைப் பார்க்கும் சுகம் கேரி ஆடுபவர்களுக்குத் தெரியாது.

சப்போர்ட்டைச் சுற்றிக் கட்டும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் பிடித்துக் கொடுத்தால் அடிக்க யார் இருக்கிறார்கள்?

லேனில் (ஆட்டத் தொடக்கத்தில் நிற்கும் பாதையில்) புது ஹீரோவை யாரோடு போடுவது?

புது ஹீரோவை ஆடுபவருக்கு எப்போது சண்டை போடலாம், எப்போது கூடாது என்று இன்னும் கை பழகியிருக்காது. ஆகவே பக்கத்தில் அடி தாங்கும், எளிமையான சப்போர்ட். ஓக்ர் மேஜையே எனக்குப் பிடிக்கும். சாகாது, ஸ்டன் இருக்கிறது, பிளட்லஸ்ட் போட்டால் அடிக்கும் வேகமும் கூடும்.

அண்ணா, ஹீரோ வந்ததும் இதற்கு இந்த இடம்தான் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அதை மீறி ஆடலாமா?

2019-இல் ஷாங்காயில் நடந்த இன்டர்நேஷனல் என்ற உலகப் போட்டியில் ஓஜி அணி ஐஓ என்ற ஹீரோவைக் கேரியாக எடுத்தது. அதுவரை ஐஓ என்றாலே சப்போர்ட் என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். ஓஜி அந்தக் கோப்பையை 2018, 2019 என்று தொடர்ந்து இரண்டாம் முறை வென்றது.

இதைச் சொன்னதும் நாளைக்கே யாராவது ரிங்மாஸ்டரைக் கேரியாக எடுத்துக்கொண்டு வருவார்கள், தெரியும். ஓஜி அந்த ஐஓவுக்கு இடம்கொடுத்து மொத்த அணியையும் அமைத்தது. உங்கள் மற்ற நாலு பேரும் அதற்குத் தயார் என்றால் தாராளமாக ஆடுங்கள். அவர்களிடம் கேட்காமல் எடுத்தால் அதற்குப் பெயர் புதுமை இல்லை.

எத்தனை ஆட்டம் ஆடிய பிறகு ரேங்க்டில் (தரவரிசைக்குக் கணக்காகும் ஆட்டத்தில்) எடுக்கலாம்?

எண்ணிக்கை சொல்லமாட்டேன். டெமோ மோடில் போய் எதிரி பொம்மைகளை நிறுத்திவைத்து ஸ்கில்களின் தூரம் கண்ணுக்குப் பழகும்வரை போட்டுப் பாருங்கள். கூட ஆடப்போகிற சப்போர்ட்டும் ஒருமுறை அந்த ஹீரோவை டெமோவில் ஆடிப் பார்ப்பது நல்லது. கெஸ் எவ்வளவு தூரம் தாவும் என்று தெரியாத டேசில் எப்போதும் ஒரு அடி பின்னாலேயே நிற்பான்.

நான் தனியாக ஆடுபவன். தெரியாத நாலு பேரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

சொல்லாதீர்கள். பிக் நேரத்தில் அறிவுரை சொன்னால் கோபித்துக்கொண்டு வேண்டுமென்றே ஒன்றை எடுப்பார்கள். மற்ற நாலு பேர் எடுத்ததைப் பார்த்துவிட்டு, ஸ்டன்னோடு உள்ளே போக யாராவது இருந்தால் மட்டும் கெஸ் எடுங்கள். இல்லையென்றால் அந்த ஸ்டன் ஹீரோவாக நீங்கள் இருங்கள்.

புது ஹீரோ எதிரணியில் வந்தால்?

அதன் பெரிய ஸ்கில் எப்படித் தடைபடும் என்று ஒன்றை மட்டும் பாருங்கள். 2022 பிப்ரவரியில் பிரைமல் பீஸ்ட் என்ற ஹீரோ வந்த புதிதில் அதன் பல்வரைஸ் ஸ்கில் என்றாலே எங்கள் ஆட்கள் சிதறி ஓடினார்கள். ஒருவரைப் பிடித்துத் தரையில் அடித்துக்கொண்டே இருக்கும்போது அதுவும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த நேரத்துக்கென்று ஒரு ஸ்டன்னைக் கையில் வைத்திருந்தால் அல்ட்டி பாதியில் அறுந்துவிடும். ஓடியவர்கள் ஓடாமல் திரும்பியிருந்தால் போதும்.

இவ்வளவு யோசித்து அணி அமைத்த பிறகு நெர்ஃப் (ஹீரோவைப் பலவீனமாக்கும் மாற்றம்) வந்தால் எல்லாம் வீண்தானே?

டேமேஜ் குறைந்தது, கூல்டவுன் (ஸ்கில்லை மறுபடி போடக் காத்திருக்கும் நேரம்) ஏறியது என்றால் அணியை மாற்ற வேண்டியதில்லை, கொஞ்சம் பொறுமையாக ஆடினால் போதும். ஸ்கில் வேலை செய்யும் விதமே மாறினால்தான் 'எது முடியாது' பட்டியலை மறுபடி எழுத வேண்டும். 2024 மே மாதம் 7.36 பேட்ச் (அப்டேட்) வந்து எல்லா ஹீரோவுக்கும் இன்னேட் (பிறவித் திறன்), ஃபேசெட் (ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் வகை) என்று சேர்த்தபோது, என் நோட்டில் பாதிப் பக்கங்களை அடித்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன்.