பாக்ஸ் விக்க பாட்டு ஆப்ல விளம்பரம் போடலாமா?

கேள்வி: குழந்தைங்களுக்கு மாசாமாசம் கைவேலை பாக்ஸ் அனுப்புற சின்ன பிசினஸ் பண்றேன். சைட்டுக்கு வந்து பாத்துட்டு வாங்காம போறவங்கதான் நிறைய. அவங்க பாட்டு கேக்குற ஆப்ல, பாட்காஸ்ட்ல நம்ம விளம்பரம் குரல்ல வரும், ரீடார்கெட்டிங்னு ஒரு ஏஜென்சி சொல்றாங்க. இறங்கலாமா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்கு வேணாம்ங்க. உங்க சைட்ல பிக்சல்னு ஒரு சின்ன புரோகிராம் துண்டு போட்டு, வந்துட்டு போனவங்க பிரௌசர்ல பதியிற அடையாளத்த அவங்க போன்ல இருக்குற விளம்பர ஐடியோட (விளம்பரக்காரங்க போனை அடையாளம் கண்டுக்கிற நம்பர்) பொருத்தி பாட்டு ஆப்ல தேடிப் பிடிக்கிறதுதான் இந்த வேலை, ஆனா அவங்கள்ல அந்த ஆப் வச்சிருக்கவங்க கொஞ்சம் பேருதான் இருப்பாங்க, அதுலயும் காசு கட்டி கேக்குறவங்களுக்கு பாட்டுக்கு நடுவுல விளம்பரம் வராது, 2021 ஏப்ரல்ல ஐபோனோட சாஃப்ட்வேர் ஐஓஎஸ் 14.5 வந்ததுலேர்ந்து ஐபோன்காரங்ககிட்ட இப்படி ட்ராக் பண்ண ஆப் அனுமதி வேற கேக்கணும், பாதி பேரு வேணாம்னு அமுக்கிட்டா கடைசில யாரு மிஞ்சுவா? பாட்காஸ்ட்ல ஐபி அட்ரஸ (நெட் கனெக்‌ஷனோட நம்பர்) வச்சு ஆள பொருத்துவாங்க, நம்ம ஊரு மொபைல் நெட்ல ஒரே ஐபியை ஏகப்பட்ட பேரு பங்கு போட்டுக்கறதால அது யாருக்கோ போய் சேரும்.

அமெரிக்காவுல, சமையல் சாமான் பாக்ஸ் அனுப்புற ஹலோஃப்ரெஷ் மாதிரி பெரிய கம்பெனிங்க பாட்காஸ்ட்ல செலவு பண்றது நிஜம்தான். ஆனா அங்க நிகழ்ச்சி நடத்துறவரே வாயால சொல்லி, அந்த நிகழ்ச்சிக்குன்னு ஒரு ப்ரோமோ கோட் குடுப்பாரு, எந்த கோட்ல எத்தன பாக்ஸ் போச்சுன்னு எண்ணிப் பாத்துடலாம்.

ஏஜென்சி ரிப்போர்ட்ல எனக்கு உறுத்துறது ஒண்ணு இருக்கு. கார்ட்ல போட்டுட்டு போனவங்கள்ல சில பேரு ரெண்டு நாள்ல தானாவே வந்து வாங்குவாங்க, அவங்களும் விளம்பரத்தால வந்தாங்கன்னு கணக்குல ஏறிடும். அதனால என்னிக்காவது இறங்கினா லிஸ்ட்ல ஒரு பங்கு ஆளுங்களுக்கு விளம்பரமே காட்டாம தனியா வைக்கச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் எவ்ளோ பேரு வாங்கினாங்கன்னு பாத்தா வண்டவாளம் தெரிஞ்சிடும். இதுக்கு ஒத்துக்காத ஏஜென்சிய விட்டுடுங்க. ஏற்கனவே சந்தா கட்டுறவங்கள லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்களா, ஒரே ஆளுக்கு வாரத்துக்கு எத்தன தடவன்னு அளவு வச்சாங்களான்னும் கேளுங்க. "நீங்க பாத்த பாக்ஸ் காத்திருக்கு"ன்னு மட்டும் எழுத விடாதீங்க, சமையக்கட்டு ஸ்பீக்கர்ல அது ஓடினா பர்த்டேக்கு ஒளிச்சு வச்ச சர்ப்ரைஸ் போச்சு!

இப்போதைக்கு, அனுமதி குடுத்து நம்பர் விட்டுட்டு போனவங்களுக்கு மட்டும் நீங்களே வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போடுங்க, உள்ள என்ன இருக்குன்னு போட்டோவோட.

கேள்வி: ஒரு காபி சந்தா சைட்ட பாத்தேன், அடுத்த நாளே பாட்டுக்கு நடுவுல அதே காபி விளம்பரம் வருது. போன் மைக்ல ஒட்டுக் கேக்குறாங்களா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: இதுக்கு மைக் தேவையே இல்லைங்க, மேல சொன்ன பிக்சல், விளம்பர ஐடி மாதிரி அடையாளங்களே போதும். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ்ல விளம்பரம்ங்கிற பகுதிக்கு போய் அந்த ஐடியை அழிச்சிடுங்க, ஐபோன்னா ஆப்ஸ் ட்ராக் பண்ண அனுமதி கேக்குறதையே ஆஃப் பண்ணிடுங்க. விளம்பரம் அப்பவும் வரும், ஆனா இப்படி பின்னாடியே துரத்துறது ஓரளவு குறையும்.