ஹிட்லர் மட்டும்தான் கெட்டவரா?

கேள்வி: ஹிட்லரின் ராணுவத்திலேயே சில வீரர்கள் யூதர்களை ரகசியமாகத் தப்பவைத்தார்களாம். அப்படியானால் அந்த ராணுவத்தினர் அடிப்படையில் நல்லவர்கள்தானே? ஹிட்லருக்குப் பயந்துதானே மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தப்பவைத்தது உண்மை. அங்கிருந்து 'எல்லாரும் நல்லவர்கள்' என்று ஒரே தாவாகத் தாவிவிட்டீர்களே!

ஆன்டன் ஷ்மிட் வியன்னாவில் ரேடியோ கடை வைத்திருந்தவர். போரில் அவரை லிதுவேனியாவின் வில்னியூஸ் நகரத்துக்கு அனுப்பினார்கள். படைப்பிரிவைத் தவறவிட்ட சிப்பாய்களைத் திரட்டி அனுப்பும் அலுவலகத்துக்குப் பொறுப்பாளர். 1941-ல் ஊருக்கு வெளியே போனாரி காட்டில் யூதர்களை ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவரோ வேலைச் சீட்டு போட்டுக் கொடுத்தார், ஒளித்துவைத்தார், ராணுவ லாரியிலேயே ஏற்றி வேறு ஊர்களுக்குக் கடத்தினார். சுமார் 300 பேருக்கு உதவியிருப்பார் என்கிறார்கள். 1942 ஏப்ரல் 13 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சேதி தெரிந்ததும் வியன்னாவில் அக்கம்பக்கத்தார் அவர் மனைவியைத் துரோகியின் பெண்டாட்டி என்று ஏசி, ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். கல்லெறிந்தது ஹிட்லர் இல்லை.

சரி, பயத்துக்கு வருவோம். அதே வில்னியூஸில் மேஜர் கார்ல் பிளாகே. 1931-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை அவர் கையில். யூதர்களில் முடிதிருத்துபவரையும் தையல்காரரையும்கூட 'பட்டறைக்கு அவசியம்' என்று எழுதி, குடும்பத்தோடு காப்பாற்றி வைத்திருந்தார். 1944 ஜூலை 1 அன்று, பக்கத்தில் எஸ்.எஸ். (யூதர்களைக் கொன்று குவித்த நாஜிப் படை) அதிகாரி நிற்க, அவர்களைக் கூட்டிப் பேசினார்: உங்களை எஸ்.எஸ். படை அழைத்துப்போகும், அகதிகளைப் பாதுகாக்கும் அமைப்பு அது என்பது உங்களுக்கே தெரியுமே! புரிந்துகொண்டவர்கள் சுவருக்குள்ளும் பரணிலும் பதுங்கினார்கள். எல்லாரும் தப்பவில்லை; சுமார் 250 பேர் உயிரோடு மிஞ்சினார்கள். பிளாகேயை யாரும் சுடவில்லை. 1957 வரை இருந்தார்.

போருக்குப் பின் நடந்த விசாரணையில் அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிடத் தயாராக இருந்தார்கள். மனிதர் ஒப்பவில்லை. 'நாஜிகளோடு கூடப் போனவன்' என்றே பதிந்துகொள்ளச் சொன்னார். அவரே தனக்கு வேண்டாம் என்ற நற்சான்றிதழை, ஏறக்குறைய 1.75 கோடிப் பேர் இருந்த ராணுவத்துக்கு மொத்தமாக வழங்குகிறீர்கள் நீங்கள்.