டெஸ்கோ கடையின் வரலாறு என்ன? அங்கே ஒரே பொருள் ஏன் மூன்று நான்கு விதமாக இருக்கிறது?

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது வரலாறு அல்ல, நீலக் கோடு.

2009இல் படிப்பதற்காக லண்டன் வந்தேன். கிழக்கு லண்டனில் ஒரு வீட்டின் மாடி அறையில் இரண்டு பேராகத் தங்கியிருந்தோம். அப்போது எங்கள் சமையலறை அலமாரி முழுக்க வெள்ளைப் பொட்டலங்கள், அவற்றின் மேல் நீலக் கோடுகள். ரொட்டி, பாஸ்தா, பேக்டு பீன்ஸ் டப்பா, பிஸ்கட் எல்லாம் ‘டெஸ்கோ வேல்யூ’. பிரிட்டனின் பெரிய சூப்பர் மார்க்கெட்டான டெஸ்கோவில் இருப்பதிலேயே மலிவான வரிசை அது. பில் போடும் இடத்தில் பின்னால் நம் கல்லூரிக்காரர்கள் யாராவது நின்றால் கோடு தெரியாதபடி பொட்டலத்தைத் திருப்பி வைப்பேன். நான்கு பக்கமும் கோடு போட்டிருந்தார்கள், திருப்பி என்ன பயன்?

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், என் அப்பா வயது. ஒருநாள் என் பையைப் பார்த்துவிட்டு, “தம்பி, கோட்டுக்கு ஏன் வெட்கப்படுகிறீர்கள்? உள்ளே இருப்பது ஒன்றுதான், சட்டைதான் வேறு” என்றார். அவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கடையின் கதை. டெஸ்கோவைத் தொடங்கிய ஜாக் கோஹன் 1898இல் பிறந்தவர். போலந்திலிருந்து வந்து கிழக்கு லண்டனில் குடியேறிய யூதத் தையல்காரரின் மகன். முதல் உலகப் போரில் விமானப் படையில் இருந்துவிட்டு 1919இல் வெளியே வந்தபோது படையில் கொடுத்த 30 பவுண்ட் கையில் இருந்தது. தையல் வேலைக்குப் போக மனமில்லை. போருக்காக வாங்கிக் குவித்து மிஞ்சிப்போயிருந்த உணவுப் பொருள்களை மொத்தமாக வாங்கி, ஹாக்னியில் வெல் தெருச் சந்தையில் தள்ளுவண்டி போட்டார். முதல் நாள் விற்பனை 4 பவுண்ட், லாபம் 1 பவுண்ட் என்று நிறுவனமே சொல்லிக்கொள்கிறது. சந்தை வியாபாரிக்கு இது மோசமில்லாத தொடக்கம்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பல பேர் கேட்பார்கள். லண்டனில் தேயிலை வணிகத்துக்கு அன்று பேர்போன இடம் மின்சிங் லேன். அங்கே டி.ஈ. ஸ்டாக்வெல் என்ற தேயிலை வணிகரிடம் கோஹன் மொத்தமாகத் தேயிலை வாங்கினார். ஸ்டாக்வெல்லின் முதலெழுத்துகள் மூன்றையும் தம் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் சேர்த்து 1924இல் பாக்கெட்டின் மேல் ஒட்டினார். அதுதான் டெஸ்கோ. பொதுவாகக் கடைக்கு வைத்த பெயரைப் பொருளின் மேல் ஒட்டுவார்கள். இங்கே தேயிலைப் பாக்கெட்டில் ஒட்டிய பெயர் பிறகு கடைப் பலகைக்கு ஏறியது. இந்த விஷயத்தை மறந்துவிடாதீர்கள், கடைசியில் இந்த ஸ்டாக்வெல் திரும்பி வருவார்.

வடக்கு லண்டனில் பர்ன்ட் ஓக் என்ற இடத்தில் முதல் கடை, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நிறையக் கடைகள், 1947இல் பங்குச் சந்தை. அமெரிக்காவில் பார்த்துவிட்டு வந்த சுயசேவை முறையைப் போருக்குப் பிறகு செயின்ட் ஆல்பன்ஸ் கடையில் முயன்றார்கள். கவுண்டருக்குப் பின்னால் ஒருவர் நின்று எடுத்துத் தராமல், வாடிக்கையாளரே கூடையைத் தூக்கிக்கொண்டு எடுத்துப்போடும் முறை. 1956இல் எசெக்ஸ் மாவட்டம் மால்டனில் ஒரு பழைய சினிமாக் கொட்டகையை வாங்கி முதல் சூப்பர் மார்க்கெட்டைத் திறந்தார்கள். கோஹனின் கொள்கை ஒரே வரி: குவித்து வை, மலிவாக வில். ஊழியர்களுக்கு அவர் கொடுத்த டை ஊசியில் ஓர் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். உட்கார்ந்துகொண்டே வியாபாரம் செய்ய முடியாது என்பது அதன் பொருள். எதன் மேல் உட்காருவது என்பதையும் மூல வாக்கியம் பச்சையாகச் சொல்கிறது, இங்கே எழுத முடியாது.

ஆனால் மலிவாக விற்க அன்று சட்டமே இடம் தரவில்லை. நம் ஊரில் பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக்கூடாது அல்லவா? பிரிட்டனில் அப்போது நடந்தது அதற்கு நேர் எதிர். தயாரிப்பாளர் குறித்த விலைக்குக் கீழே கடைக்காரர் விற்கக்கூடாது. குறைத்து விற்றால் சரக்கை நிறுத்திவிடுவார்கள். சிறு கடைகளுக்கு இது பாதுகாப்பு, கோஹன் போன்றவருக்குக் கால்விலங்கு. அதனால் 1963இல் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். விலையைத் தொடாமல், வாங்கும் தொகைக்கு ஏற்பப் பச்சை நிற ஸ்டாம்புகளைக் கொடுத்தார்கள். ‘கிரீன் ஷீல்ட்’ ஸ்டாம்பு என்று பெயர். வீட்டில் நாக்கால் நனைத்துச் சிறு புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் கெட்டிலோ போர்வையோ வாங்கிக்கொள்ளலாம். 1964இல் விலைக் கட்டுப்பாட்டையே நீக்கிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஸ்டாம்பு 1977 வரை நீடித்தது. அந்த ஆண்டில் ஸ்டாம்பை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, மிச்சமான பணத்தை விலைக் குறைப்பில் போட்டார்கள். கோஹனுக்கு அதில் மனமில்லை என்பார்கள். 1979இல் அவர் காலமானார்.

இடையில் ஒரு சின்னக் கதை, எனக்கு மிகவும் பிடித்தது. 1984இல் கேட்ஸ்ஹெட் என்ற வடக்கத்திய ஊரில் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பாட்டி, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி டிவி ரிமோட்டை அழுத்தி டெஸ்கோவில் மார்ஜரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை ஆர்டர் செய்தார். முதியோருக்கு உதவ நகராட்சி நடத்திய சோதனைத் திட்டம் அது. இணையம் வீடுகளுக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்த காலம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1990இல் ஜெர்மானிய மலிவு விலைக் கடையான ஆல்டி பிரிட்டனில் கால் வைத்தது (இன்னொரு ஜெர்மானியக் கடையான லிடில் 1994இல் வந்தது). நாடு பொருளாதாரச் சரிவில் இருந்தது. ஒட்டுமொத்தமாக விலையைக் குறைத்தால் நட்டம், குறைக்காவிட்டால் ஆள் போய்விடும். அதற்கு டெஸ்கோ கண்ட விடைதான் 1993இல் வந்த நீலக் கோட்டு வேல்யூ. 1998இல் மேலே ஒரு வரிசை சேர்ந்தது, ‘ஃபைனஸ்ட்’: கருப்பும் வெள்ளியுமாக அட்டை, விருந்தாளி வந்தால் மேசையில் வைக்கும் பொருள். நடுவில் வெறும் ‘டெஸ்கோ’ என்று மட்டும் போட்ட வரிசை. ஆக ஒரே கடை மூன்று கடையாயிற்று. ஒரே பெண்மணி பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கீழ் அடுக்கிலும் கிறிஸ்துமஸ் புட்டிங்கை மேல் அடுக்கிலும் எடுப்பார். பக்கவாட்டில் ஆர்கானிக், கோதுமைப் புரதமோ பாலோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ‘ஃப்ரீ ஃப்ரம்’, இறைச்சி வேண்டாதவர்களுக்கு ‘பிளான்ட் செஃப்’, துணிக்கு ‘எஃப் அண்ட் எஃப்’ என்று கிளைகள் பல.

படிக்கும் காலத்தில் வேறொரு சூப்பர் மார்க்கெட்டில் இரவு வேலை பார்த்தேன். சக்கரம் வைத்த இரும்புக் கூண்டைத் தள்ளிக்கொண்டு போய் அலமாரியில் சரக்கு அடுக்கி, டப்பாவின் முகம் வெளியே பார்க்கும்படி ஒவ்வொன்றாக முன்னால் இழுத்து வைக்கும் வேலை. ஒரே வாரத்தில் முதுகு சொல்லிக்கொடுத்த பாடம்: கண் மட்டத்தில் இருப்பதெல்லாம் விலை கூடியது, மலிவானதற்குக் குனிய வேண்டும்.

வீட்டுக்காரர் விட்ட மீதிப் பாதி இங்கேதான் இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் எந்தச் சட்டை போட்டாலும் உப்பும் சர்க்கரையும்தான். ஆனால் பீன்ஸ் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பீன்ஸ் எத்தனை சதவீதம், தக்காளி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். விலை இறங்க இறங்க அந்த எண்கள் பெரும்பாலும் இறங்கும், தண்ணீரும் மாவும் ஏறும். அப்படியானால் சட்டை ஏன் அவ்வளவு அசிங்கமாக இருந்தது? நல்ல அட்டை அச்சடிக்க அவர்களுக்கு வக்கில்லாமலா? வசதியுள்ளவர் அதை எடுக்கக் கூசவேண்டும் என்பதே நோக்கம் என்பது என் எண்ணம். பணமில்லாதவன் எப்படியும் எடுப்பான், இருப்பவன் இருபது பென்ஸ் கூடக் கொடுத்துக் கோட்டிலிருந்து தப்பிப்பான். நான் பொட்டலத்தைத் திருப்பி வைத்தேன் என்றேனே, அந்தக் கூச்சத்தையும் சேர்த்துத்தான் அட்டையை வடிவமைத்திருக்கிறார்கள்.

யார் எதை எடுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க 1995இல் கிளப்கார்டு வந்தது. பில் போடும்போது அட்டையைக் காட்டினால் புள்ளிகள் சேரும், புள்ளிகளுக்குக் கூப்பன் வரும், கூப்பனோடு உங்கள் கூடையின் ஜாதகமும் அவர்களிடம் சேரும். அதே ஆண்டில் போட்டிக் கடையான சயின்ஸ்பரியை முந்திப் பிரிட்டனின் மிகப் பெரிய மளிகைக் கடை ஆனார்கள். கிளப்கார்டு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதைத் தள்ளிவிட்டும் பேச முடியாது. இப்போது கிளப்கார்டு இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை என்று ஒரே பொருளுக்கே இரண்டு விலை. அந்த விலைச் சீட்டில் போட்ட நீலச் சதுரத்துக்குள் மஞ்சள் வட்டம் தன் சின்னத்தைப் போல இருக்கிறது என்று லிடில் வழக்குப் போட்டு 2023இல் வென்றது. 2024இல் மேல்முறையீட்டிலும் டெஸ்கோ தோற்று, சீட்டை மாற்ற வேண்டியதாயிற்று.

2012இல் கோடுகளை எடுத்துவிட்டு ‘எவ்ரிடே வேல்யூ’ என்று பெயரையும் அட்டையையும் கொஞ்சம் மென்மையாக்கினார்கள். 2013 ஜனவரியில் இடி விழுந்தது. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சோதித்ததில், எவ்ரிடே வேல்யூ மாட்டிறைச்சி பர்கர் ஒன்றில் 29 சதவீதம் குதிரை இறைச்சி இருந்தது தெரியவந்தது. வேறு கடைகளும் மாட்டின, ஆனால் ஊர் முழுக்கக் கேலிக்கு ஆளானது டெஸ்கோதான். அடுத்த ஆண்டே லாபத்தைக் கணக்கில் கூட்டிக் காட்டியிருந்தது வெளியே வந்து மானம் இன்னொரு முறை போயிற்று.

இதன் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். மலிவுப் பொருளின் மேலிருந்து டெஸ்கோ என்ற பெயரே மெல்ல மறையத் தொடங்கியது. 2016இல் ‘ரோஸ்டீன் ஃபார்ம்ஸ்’, ‘வில்லோ ஃபார்ம்ஸ்’, ‘பாஸ்வெல் ஃபார்ம்ஸ்’ என்று பண்ணைப் பெயர்களில் பழமும் கோழியும் மாட்டிறைச்சியும் வந்தன. பச்சைப்பசேலென்று மனதில் ஒரு பண்ணை விரியும். சரக்கு அந்தப் பெயர்கொண்ட பண்ணையிலிருந்து வருவதில்லை, எல்லாம் விற்பனைக்காக வைத்த பெயர்கள். விவசாயிகள் சங்கம் வாடிக்கையாளரை ஏமாற்றும் வேலை என்று முறையிட்டது. எனக்கும் அதே கருத்துதான். வெறும் பெயர்தானே என்பவர்களிடம், வெறும் பெயரென்றால் ஏன் ‘தொழிற்சாலை’ என்று வைக்கவில்லை என்று கேட்பேன்.

2018இல் எவ்ரிடே வேல்யூவையும் கட்டம் கட்டமாக எடுக்க ஆரம்பித்தார்கள். அதன் இடத்தில் பாலாடைக்கட்டிக்கு ‘க்ரீம்ஃபீல்ட்ஸ்’, ஐஸ்கிரீமுக்கு ‘மிஸ் மாலிஸ்’ என்று ஒரு பட்டாளம். பீன்ஸ் டப்பாவின் மேல் என்ன பெயர் தெரியுமா? ‘ஸ்டாக்வெல் அண்ட் கோ’. 1924இன் தேயிலை வணிகரேதான். தன் பெயரை மறைக்க நினைத்த கடை, தன் பெயரின் முன்பாதியையே எடுத்து முகமூடியாகப் போட்டுக்கொண்டது. அட்டையில் எங்கும் கோடு இல்லை, ஏதோ பழைய குடும்பக் கம்பெனி மாதிரி இருக்கிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதை எந்தக் கூச்சமும் இல்லாமல் எடுத்துக் கூடையில் போடுகிறாள். அது மலிவு வரிசை என்று அவளுக்குத் தெரியாது.

இந்தியாவில் டெஸ்கோ இருக்கிறதா என்று சிலர் கருத்துப் பகுதியில் கேட்பீர்கள். அந்தப் பெயரில் கடை கிடையாது. டாடாவின் ட்ரென்ட் நிறுவனத்தோடு 2014இல் கூட்டுச் சேர்ந்து ஸ்டார் பஜார் கடைகளில் பங்கு வைத்திருக்கிறார்கள், பெங்களூரில் பெரிய அலுவலகம் இருக்கிறது.

இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சீரகம் வேண்டுமென்றால் கேக் செய்யும் சாமான்களுக்குப் பக்கத்தில், சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் வரிசையாக நிற்கும் இடத்தில் தேடாதீர்கள். இரண்டு அலமாரி வரிசை தள்ளி ‘வேர்ல்ட் ஃபுட்ஸ்’ என்று பலகை தொங்கும். அங்கே அதே சீரகம் பிளாஸ்டிக் பையில் இருக்கும். விலைச் சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் நூறு கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேல்யூவும் ஃபைனஸ்டும் கூட அவ்வளவு தூரம் விலகி நின்றதில்லை. என் வீட்டுக்காரருக்கு இதைக் காட்டினேன். அவர் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, “இது வெள்ளைக்காரருக்கு, தம்பி” என்று திரும்ப வைத்துவிட்டு, பையைத்தான் எடுத்தார்.