சம்பா கோதுமை என்று கொடுத்தார்கள், நம்பலாமா?

கேள்வி: அல்வா கிண்டுவதற்காகச் சம்பா கோதுமை ஒரு கிலோ வாங்கினேன். பஞ்சாப் கோதுமையைவிட விலை கூடுதல். மாமியார் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது சம்பாவே இல்லை" என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? டிஎன்ஏ சோதனைக்குக் கொடுக்கலாமா?

பதில்: தானியத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மாமியார் கையில் எடுத்துப் பார்த்தாரே, அதுதான் சரியான முதல் சோதனை.

ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு கோதுமையையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்புங்கள். சம்பா ஒல்லியாக, நீளமாக, இரு முனையும் கூராக இருக்கும், நிறம் செம்பழுப்பு. சப்பாத்திக் கோதுமை, அதாவது பஞ்சாப் கோதுமை, குட்டையாக, வயிறு உப்பியிருக்கும். இன்னொரு தடயமும் உண்டு. சம்பாவைப் போரடித்தாலும் உமி எளிதில் பிரியாது, நெல்லைப் போலத் தனியாக உமி நீக்க வேண்டும். விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் நல்ல சம்பாவிலும் அங்கங்கே உமி ஒட்டிய மணி கிடக்கலாம். அதைப் பார்த்து மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஏமாறக்கூடிய இடம் டூரம் கோதுமை. பாஸ்தாவுக்குப் பயன்படும் இதுவும் நீளமான மணிதான். ஆனால் பருமன் அதிகம், தேன் நிறத்தில் கண்ணாடி போல மினுங்கும்.

டிஎன்ஏ சோதனையிலும் இதே சிக்கல் வரும். சப்பாத்திக் கோதுமைக்கு 42 குரோமோசோம்கள். அதில் 14, ஒரு காட்டுப் புல்லிலிருந்து வந்து சேர்ந்தவை. சம்பாவுக்கு அந்தப் பங்கு கிடையாது, மொத்தமே 28. ஆகவே அந்தப் புல்லின் மரபணு அடையாளத்தைத் தேடினால், மாவாக அரைத்த பிறகும் சப்பாத்திக் கோதுமைக் கலப்பு பிடிபட்டுவிடும். டூரத்துக்கும் 28 தான் என்பதால் அந்தக் கலப்பு இதில் சிக்காது. அதற்கு இன்னும் நுணுக்கமான அடையாளங்களைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ அல்வாக் கோதுமைக்கு இவ்வளவு செலவு தேவையா? எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: ஷர்பதி என்று அச்சிட்ட ஆட்டா வாங்குகிறோம். உள்ளே ஷர்பதிதானா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியாது. சம்பாவும் சப்பாத்திக் கோதுமையும் வேறு வேறு இனம், அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. ஷர்பதியோ சப்பாத்திக் கோதுமைக்குள்ளேயே ஒரு ரகம். உருண்டையான, பளபளக்கும் பொன்னிற மணி என்பார்கள். வேறு ரகங்களிலும் அப்படி மணிகள் உண்டு. ஆய்வகத்தில் மணியை ஃபீனால் என்ற வேதிப்பொருளின் கரைசலில் ஊறவைத்து, எந்த அளவுக்குக் கறுக்கிறது என்று பார்த்து ரகங்களைப் பிரிப்பார்கள். ஃபீனால் தோலைச் சுட்டுவிடும், வீட்டில் வேண்டாம். மாவாகிவிட்டால் அந்த வழியும் போச்சு, டிஎன்ஏ போன்ற ஆய்வகச் சோதனைதான் மிச்சம்.

மத்தியப் பிரதேசத்து ஷர்பதிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பையில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பெயருக்காகக் கூடுதல் காசு கொடுப்பதாக இருந்தால், முழுக் கோதுமையாக வாங்கித் தெரு மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள்.