இரவில் போட்ட பணமும் காலையில் வந்துபோன ஆட்டோபேயும்

கேள்வி: தென்காசிப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். கடை அடைக்க இரவு ஒன்பதரை ஆகிவிடும். கல்லாப் பணத்தை ஏடிஎம் அறையில் இருக்கும் பணம் செலுத்தும் இயந்திரத்தில் போடுவது வழக்கம். சென்ற மாதம் கிரெடிட் கார்டு பாக்கிக்கு 10-ஆம் தேதி கடைசி நாள். பாக்கியைக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும் ஆட்டோபே போட்டு வைத்திருக்கிறேன். கார்டு ஒரு வங்கியுடையது, கணக்கு வேறொரு வங்கியில். 10-ஆம் தேதி இரவு பத்து மணிக்குப் பணம் போட்டு, கணக்கிலும் ஏறிவிட்டது. ஆனாலும் 15-ஆம் தேதி தாமதக் கட்டணம் என்று செய்தி வந்தது. கடைசி நாளுக்குள்தானே போட்டேன்? இன்னொன்று: ஒருமுறை இயந்திரம் நோட்டுகளை உள்ளே இழுத்துக்கொண்டு, ரசீது தராமல் நின்றுவிட்டது. அப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

பதில்: நீங்கள் பணக்கட்டுடன் இயந்திரத்தின் முன் நின்றபோது, ஆட்டோபே வந்து போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும். கார்டும் கணக்கும் வெவ்வேறு வங்கிகளில் இருந்தால், பணம் கேட்கும் கோரிக்கை பெரும்பாலும் வங்கிகளுக்கிடையிலான நாச் என்ற பொது ஏற்பாட்டின் வழியாகத் தொகுதி தொகுதியாக, பகலிலேயே வந்துவிடும். வந்த நேரத்தில் கணக்கில் இருப்பு இல்லையென்றால் அது திரும்பிப் போய்விடும். நீங்கள் கடை அடைத்துவிட்டு வரும்வரை காத்திருக்காது. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் ஞாயிற்றுக்கிழமையும் இயங்குகிறது. ஆகவே விடுமுறை நாளாயிற்றே என்று நம்பியிருக்கவும் முடியாது. உங்கள் கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆட்டோபே திரும்பியதற்கு உங்கள் வங்கியும் தனியாக ஒரு கட்டணம் பிடித்திருக்கும்.

கணக்கில் பணம் போடுவது வேறு, பில் கட்டுவது வேறு. ஆட்டோபே வைத்திருப்பவர்கள் முந்தைய நாள் இரவையே கடைசி நாளாக வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் விஷயத்தில் அது 9-ஆம் தேதிக் கல்லா. ஒன்பதாம் தேதி வியாபாரம் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதனால்தான் தினக்கல்லாவை நம்பியிருக்கும் கடைக்காரர்களுக்கு நான் ஆட்டோபேயை அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு வசதியான ஏற்பாடு அது.

சரி, 10-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு எதுவும் செய்திருக்க முடியாதா? முடியும். பணம் ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்ததும், அந்த அறையில் நின்றபடியே செல்பேசியில் யுபிஐ வழியாகக் கார்டு பாக்கியைக் கட்டியிருக்கலாம். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட்டும் 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் பாராமல் இயங்குகிறது. ஆனால் அது அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் போவது. போய்ச் சேர்ந்த பிறகும் வரவு வைக்க இரண்டு மணி நேரம்வரை அவகாசம் உண்டு. ஆகவே கடைசி நாளன்று இரவு ஒன்பதரை மணிக்கு மேல் அதை நம்பாதீர்கள்.

மறுநாள் காலையில் கவனித்திருந்தால்கூடத் தப்பியிருப்பீர்கள். கடைசி நாளிலிருந்து மூன்று நாள்களுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அப்போதுதான் தெரிவிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி. அதாவது 13-ஆம் தேதிவரை உங்களுக்கு இடம் இருந்தது. தாண்டிவிட்டால் நாள் கணக்கு 10-ஆம் தேதியிலிருந்தே எண்ணப்படும். வட்டிக்கும் இந்த மூன்று நாள் சலுகை உண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போதும் ஒருமுறை அழைத்துக் கேட்டுப் பாருங்கள். இதுவரை தவறாமல் கட்டியவருக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பது உண்டு. கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை, ஆனால் கேட்டவருக்குத்தான் கிடைக்கிறது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். மளிகைக்கடை நோட்டு என்றால் எனக்குத் தெரியும்: எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள் தூள், நாலாக மடித்த மடிப்பு. ஒட்டிக்கொண்ட இரண்டு நோட்டு சேர்ந்து போனாலே இயந்திரம் திணறும். ரப்பர் வளையத்தைக் கழற்றி, மடங்கிய மூலைகளை நீவி, கட்டை ஒருமுறை விசிறிவிட்டு வையுங்கள். திரை காட்டும் எண்ணிக்கையை உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உறுதி செய்யுங்கள். சில தனியார் வங்கிகள் மாலைக்குப் பிறகும் விடுமுறை நாளிலும் போடும் பணத்துக்குக் கட்டணம் வாங்குகின்றன. உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். பெரிய தொகையாகப் போட்டால் பான் எண் தேவைப்படலாம்.

பணம் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நகரத்தில் இரவு 9 மணிக்கு மேலும், கிராமத்தில் மாலை 6 மணிக்கு மேலும் ஏடிஎம்மில் பணம் நிரப்பக்கூடாது என்பது உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாடு. பணவண்டிக் கொள்ளைகளைத் தடுக்க வந்தது அது. ஊர்ப்புற ஏடிஎம் இரவில் காலியாகிவிட்டால் விடியும்வரை காலிதான்.

நோட்டு உள்ளே சிக்கினால் உடனே நகர்ந்துவிடாதீர்கள். ஏற்க முடியாத நோட்டைத் திருப்பித் தர இயந்திரத்துக்குச் சில நிமிடம் பிடிக்கலாம். வரவில்லையென்றால் இயந்திர எண், நேரம், எத்தனை ஐந்நூறு, எத்தனை இருநூறு என்று குறித்துக்கொண்டு, அன்றிரவே வாடிக்கையாளர் சேவையில் புகார் எண் வாங்குங்கள். இயந்திரத்தைத் திறந்து பணத்தை எண்ணிச் சரிபார்க்கும்போது கணக்கில் சேராத தொகை மிகுதியாகத் தெரியும். உங்கள் புகாரோடு அது பொருந்தினால் வரவு வைத்துவிடுவார்கள். நோட்டு விவரம் சொல்லத் தெரியாமல் "இருபதாயிரம் சுமார்" என்பவருடைய கோப்புதான் இழுக்கும்.

பணம் எடுக்கும்போது கணக்கில் கழிந்தும் நோட்டு வராவிட்டால் ஐந்து நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதைச் சொல்லும் ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் இயந்திரத்தில் பணம் போடுவது சேர்க்கப்படவில்லை. அதனால் எழுத்தில் புகார் கொடுப்பது முக்கியம். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம்.

ரசீது கிடைத்தால் அங்கேயே ஒரு படம் எடுத்துவிடுங்கள். சட்டைப் பையில் வியர்வை பட்டுக் கிடந்தால், புகாரைக் கொண்டு போகும் நாளில் அது வெறும் வெள்ளைத் தாளாகத்தான் இருக்கும்.