ஆங்கிலத்தில் சி வாங்கிய பிள்ளைக்கு ஆறாம் படிவம் போதும்

போன சனிக்கிழமை காலை ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றிப் பேச என்னைப் பார்க்க வந்திருந்தது. அப்பா தமிழர், 52 வயது, ஒரு பட்டறையில் மேற்பார்வையாளர். அம்மா சீனர். மகள் சீனத் தொடக்கப்பள்ளியில் படித்தவள். தோழிகளோடு மாண்டரின், அம்மாவோடும் போபோவோடும் காண்டனீஸ், அப்பாவோடு மட்டும் தமிழ். போபோ என்றால் அம்மாவின் அம்மா, நம் அம்மாச்சி. ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வந்துவிட்டது. உயிரியலும் வேதியியலும் கணிதமும் நன்றாக வந்திருக்கின்றன. ஆங்கிலம் சி.

அப்பாவின் கையில் ஒரு கோப்பு. தனியார் கல்லூரி முகவர் ஒருவர் கொடுத்தது. முதலில் தீவிர ஆங்கில வகுப்பு, அடுத்து ஐஇஎல்டிஎஸ் என்ற அனைத்துலக ஆங்கிலத் தேர்வு, அதன்பின் அடிப்படை ஆண்டு, கடைசியில் ஐந்தாண்டு மருத்துவம். அப்பாவின் அக்கா மகள் டாக்டராம், அதனால் அத்தை வீட்டில் இந்தப் பேச்சு ஓயவே இல்லையாம். தாய்மாமன் ஆஸ்திரேலியாவில் கணக்கியல் என்கிறார். "ஆங்கிலம் இப்படி இருக்கே சார், என்ன செலவானாலும் பரவாயில்லை, இதைச் சரி பண்ணிடணும்" என்றார் அப்பா.

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்த மொத்தத் தொகையைப் பார்த்ததும் அதை நிறுத்திவிட்டேன். அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரிக் கோப்பு இன்னும் பல வீடுகளில் மேசை மேல் இருக்கிறது.

ஐயா, முதலில் பணம். நம் நாட்டில் தனியார் கல்லூரி மருத்துவப் படிப்பு பல இடங்களில் மூன்று லட்சம் வெள்ளியைத் தாண்டுகிறது. ஊழியர் சேமநிதியில் படிப்புக்கு எடுக்கக்கூடிய செஜாத்தெரா கணக்கில் இருப்பதை எடுத்துவிட்டு, மீதிக்கு வீட்டை மறு அடமானம் வைக்கலாம் என்று நினைப்பதாகச் சொன்னீர்கள். வேண்டாம். பிள்ளை படித்து முடிக்கும்போது உங்களுக்கு 58 வயது. அடுத்தது அரசு வேலை. 2016 கடைசியிலிருந்து புது டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். நிரந்தரப் பணி கிடைக்குமா என்று தெரியாமல் தவித்து, 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்பே செய்தார்கள். டாக்டராக வேண்டும் என்று உயிரை விடுகிற பிள்ளையாக இருந்தால் இதையெல்லாம் சொல்லி நான் தடுக்கமாட்டேன். உங்கள் மகள் அப்படிச் சொல்லவில்லை. அத்தை சொல்கிறார், முகவர் சொல்கிறார். அவளிடம் யாருமே கேட்கவில்லை.

நான் கேட்டேன். நீங்கள் இருவரும் வெளியே காப்பி குடிக்கப் போனபோது ஒரு தாளைக் கொடுத்து, போன வருடம் நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். போபோவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போனதை எழுதினாள். "லாஸ்ட் இயர் மை கிராண்ட்மதர் கோ டு ஹாஸ்பிட்டல். ஹீ வெரி பெயின். பிகாஸ் ஹீ கேன்னாட் டாக், சோ ஐ ஹெல்ப்." மூன்றே வரி. அப்புறம் பேனாவை வைத்துவிட்டு, மீதியைத் தமிழும் மலாயும் கலந்து வாயால் சொன்னாள்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருபவருக்கு மலாயும் ஆங்கிலமும்தான் தெரியும். நடுவில் இவள்தான் மொழிபெயர்ப்பு. ஒரு நாள் சூப்புக் கிண்ணம் வரைந்த அட்டையைக் காட்டியிருக்கிறார்கள். போபோ "தோங்" என்றாராம். காண்டனீஸில் குரலை மேலே தூக்கிச் சொன்னால் அது சூப்பு, கீழே இறக்கிச் சொன்னால் சர்க்கரை. போபோ இறக்கிச் சொன்னார். பயிற்சி தருபவரின் காதுக்கு இரண்டும் ஒன்றுதான், சரியென்று குறித்துக்கொண்டார். இவள்தான், "இல்லை, ஒலி சரியாக வந்துவிட்டது, ராகம்தான் தவறிவிட்டது" என்று சொல்லியிருக்கிறாள். அன்று முதல் அந்த அட்டைகளைக் காண்டனீஸில் வீட்டிலேயே செய்து வைத்திருக்கிறாளாம். அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அப்பாவுக்குத் தெரியாது" என்றாள்.

பிள்ளையின் மனம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்? பேச்சு, மொழிச் சிகிச்சை என்று ஒரு பட்டப்படிப்பே இருக்கிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், நாம் யூகேஎம் என்போமே, அங்கே 1995 முதல் நடக்கிறது. கிளந்தான் குபாங் கெரியானில் யூஎஸ்எம், குவாந்தானில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், இரண்டிலும் உண்டு. 2016-இல் வந்த துணைச் சுகாதாரத் தொழில் சட்டம் இந்தத் தொழிலையும் பட்டியலிட்டிருக்கிறது. பக்கவாதம் வந்த பாட்டியும் பேச்சு வராத மூன்று வயதுக் குழந்தையும் அவரவர் வீட்டு மொழியில்தானே மறுபடி பேச வேண்டும்? காண்டனீஸ், மாண்டரின், மலாய், தமிழ் நான்கும் தெரிந்த ஒருவரை இந்த வேலையில் நான் இதுவரை சந்தித்ததில்லை.

அங்கே போக வழி? அரசின் புகுமுகக் கல்லூரியான மெட்ரிகுலேஷன் பற்றி உங்களுக்கே தெரியும், விண்ணப்பித்து வையுங்கள், கிடைத்தால் பேசுவோம். நான் சொல்ல வந்தது ஆறாம் படிவம், எஸ்பிஎம்முக்குப் பிறகு அரசுப் பள்ளியில் படிக்கும் புகுமுகப் படிப்பு. சொன்னதும் உங்கள் முகம் மாறியதைக் கவனித்தேன். "அது வேற வழி இல்லாத பிள்ளைங்க போறதாச்சே" என்றீர்கள். இந்த எண்ணம் நம் சமூகத்திலும் இருக்கிறது, சீனர் வீடுகளிலும் இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே மனம் நோகிற விஷயம் இது. ஆறாம் படிவம் ஒன்றரை வருடம், மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் தேர்வு உண்டு, சறுக்கிய தாளைத் திரும்ப எழுதவும் வழி இருக்கிறது. முடிவில் கிடைக்கும் எஸ்டிபிஎம் சான்றிதழை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் மதிக்கின்றன. அரசுப் பள்ளி என்பதால் முகவரின் கோப்பில் முதல் மாதத்துக்குப் போட்டிருக்கும் தொகையைவிட மொத்தச் செலவே குறைவாக இருக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அந்த ஒன்றரை வருடம். ஆங்கிலத்துக்கு அவளுக்குத் தேவைப்படுவது அந்த அவகாசம்தான். எட்டு வாரத் தீவிர வகுப்பு அதைத் தராது.

அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு மூவெட் எழுதியாக வேண்டும். மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு, 1999 முதல் நடக்கிறது. உள்ளூர்த் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் இதை ஏற்கின்றன. கட்டணம் ஐஇஎல்டிஎஸ்ஸில் பாதிகூட வராது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு தாள், ஒவ்வொன்றுக்கும் 90 புள்ளி, மொத்தம் 360. நான்குக்கும் ஒரே எடை. ஒவ்வொரு படிப்பும் கேட்கும் குறைந்தபட்ச பேண்டு, அதாவது தரநிலை, வேறு வேறு, விண்ணப்பிக்கும் வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம். இவள் பேண்டு 4-ஐ இலக்காக வைத்துக்கொள்ளட்டும்.

தாய்மாமன் அனுப்பிய கைப்பேசிச் செயலியைக் காட்டினாள். சீனாவில் கல்லூரி மாணவர்கள் எழுதும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வுக்கானது, ஆயிரக்கணக்கான சொற்கள், பக்கத்திலேயே சீனப் பொருள். அந்தத் தேர்வு 1987 முதல் நடக்கும் பெரிய தேர்வு, குறை சொல்ல மாட்டேன். அதன் 710 புள்ளியில் 35 விழுக்காடு கேட்டல், 35 வாசித்தல், எழுத்துக்கு 15, சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க 15. பேசுவதற்குத் தனித் தேர்வு. மூவெட்டில் பேச்சு கட்டாயம், நாலில் ஒரு பங்கு. மொழிபெயர்ப்பு கிடையாது. அந்தச் செயலியில் தினம் ஐம்பது சொல் மனப்பாடம் செய்கிற பிள்ளை மூவெட் அறைக்குள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். செயலியை எடுத்துவிடச் சொன்னேன்.

அவள் எழுதிய மூன்று வரிக்கு வருவோம். அதில் எந்தத் தவறும் மந்த புத்தியால் வந்ததில்லை. எல்லாம் சீன இலக்கணம் ஆங்கில உடை போட்டு நிற்பது. பாட்டியை ஏன் 'ஹீ' என்கிறாள்? மாண்டரினில் அவனும் 'தா', அவளும் 'தா', எழுதும்போதுதான் வேறுபாடு. காண்டனீஸில் இருவரும் 'கோய்'. மலாயில் இருவரும் 'டியா'. அவள் பேசும் மூன்று மொழியில் இந்தப் பிரிவே இல்லை. 'கோ' ஏன் 'வென்ட்' ஆகவில்லை? சீன வினைச்சொல் காலத்துக்கு உருமாறாது, 'போன வருடம்' என்று சொன்னாலே போதும். 'வெரி பெயின்' என்பது 'ஹென் தொங்' என்ற சீனத் தொடரின் அச்சு. 'பிகாஸ்' போட்டால் 'சோ' போடுவதும், 'ஆல்தோ' போட்டால் 'பட்' போடுவதும் சீனத்தில் முறையான ஜோடிகள்.

இங்கேதான் ஐயா, நீங்கள் தேவைப்படுகிறீர்கள். காசு கொடுத்துக் கிடைக்காத ஓர் ஆசிரியர் அவளுக்கு வீட்டில் இருக்கிறார். அவளிடம் உள்ள நான்காவது மொழி தமிழ். 'போனாள்' என்ற ஒரே சொல்லில் நேற்று நடந்தது, பெண் என்ற இரண்டும் இருக்கின்றன. ஆங்கிலம் இதையே 'ஷீ வென்ட்' என்று இரண்டு சொல்லாக்குகிறது. 'பேச முடியாததால் உதவினேன்', 'வலித்தாலும் பேசினார்' என்று நாம் ஒரே ஓர் ஒட்டைத்தான் போடுகிறோம். ஆங்கிலமும் அப்படித்தான், ஒன்று போட்டால் மற்றது வேண்டாம். ஆகவே தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அன்று நடந்த ஒன்றை அவள் முதலில் உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். உடனே அதையே ஆங்கிலத்தில் சொல்லட்டும். 'ஹீ' என்று பாட்டியைச் சொன்னால் "அவனா, அவளா?" என்று மட்டும் கேளுங்கள். இலக்கண வகுப்பு எடுக்க வேண்டாம், உங்கள் ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. வேலை செய்யப்போவது உங்கள் தமிழ்.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ', 'த' என்ற சின்னச் சொற்கள் சீனத்திலும் இல்லை, நம்மிடமும் இல்லை. 'அவர் நல்லவர்' என்று நாமும் 'இஸ்' இல்லாமல்தான் பேசுகிறோம். இவற்றுக்குக் குறுக்கு வழி கிடையாது. தினம் ஒரு பக்கம் வாய்விட்டு வாசிக்க வேண்டும், வாசித்த ஒரு பத்தியைப் பார்க்காமல் எழுதி மூலத்தோடு ஒப்பிட வேண்டும். வாய்விட்டு வாசிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காண்டனீஸில் 'க்', 'ட்', 'ப்' என்று முடியும் சொற்களில் கடைசி ஒலியை வாய்க்குள்ளேயே அடைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் 'ஹெல்ப்ட்' என்பது அவள் வாயில் 'ஹெல்' என்று நின்றுவிடுகிறது. வாயில் வராத ஒலி காதிலும் விழாது, கையிலும் வராது. கேட்டல் தாளில் புள்ளி போவது பாதி இதனால்தான்.

முதல் ஆறு மாதம் பழைய வினாத்தாள் பக்கமே போக வேண்டாம். அதற்குப் பிறகு கடிகாரம் வைத்துச் செய்யட்டும். எழுத்துத் தாள் 75 நிமிடம்: நூறு சொல்லுக்குக் குறையாமல் ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல், 250 சொல்லுக்குக் குறையாமல் ஒரு கட்டுரை. வாசிப்பும் 75 நிமிடம், 40 கேள்வி. பேச்சில் முதலில் தனியாக இரண்டு நிமிடம், பிறகு குழு விவாதம். இது வீட்டில் தனியாகப் பழக முடியாதது. ஆறாம் படிவ வகுப்பில் மலாய்ப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் இருப்பார்கள், பொதுவான மொழிக்காக ஆங்கிலத்துக்கு வந்தாக வேண்டும். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வாரம் இரண்டு நாள் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்தால் போதும். வருடத்துக்கு மூன்று முறை தேர்வு நடக்கிறது. இரண்டாம் பருவத்துக்குள் ஒரு முறை எழுதட்டும், குறைந்தால் இன்னொரு முறைக்கு நேரம் இருக்கிறது.

இந்தப் படிப்புக்கு இடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். எஸ்டிபிஎம் புள்ளி நன்றாக இருக்க வேண்டும். கிடைக்காமல் போனாலும், கடன் இல்லாத வீட்டில், எஸ்டிபிஎம்மும் மூவெட்டும் கையில் வைத்துக்கொண்டு அடுத்ததை யோசிப்பாள். கோப்பில் உள்ள வழியில் போய் இரண்டாம் வருடம் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. உங்கள் மனைவிதான், "அக்காவிடம் நானே பேசுகிறேன்" என்றார்.

முகவருக்கு முன்பணம் கட்டாதீர்கள், இந்த வாரத்தோடு சலுகை முடிகிறது என்று அவர் சொன்னாலும் சரி. அடுத்த மாதம் வரும்போது கோப்பு வேண்டாம். போபோவின் அட்டைக் கதையைப் பிள்ளை 250 சொல்லில் கையால் எழுதிக் கொண்டுவரட்டும், அட்டைகளையும் எடுத்து வரட்டும். முதலில் உங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு எழுதச் சொல்லுங்கள்.