பெரிய குடும்பமாக தீம் பார்க் போகும்போது டிக்கெட் செலவைக் குறைப்பது எப்படி?

எங்கள் வீட்டில் கணக்குப்பிள்ளை வேலை எனக்குத்தான். காணும் பொங்கலன்று கிருஷ்ணகிரியிலிருந்து 17 பேர் வேன் பிடித்து பெங்களூரு வொண்டர்லாவுக்குப் போய்வந்தோம். அதை வைத்தே சொல்கிறேன்.

கூப்பன் எங்கே கிடைக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். நானும் ரெண்டு நாள் அதைத்தான் தேடினேன். ஆனால் பணம் உருப்படியாக மிச்சமானது, யார் யாருக்கு டிக்கெட்டே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசியதில்தான்.

பொருட்காட்சி மாதிரி நுழைவுக்கு ஒரு சீட்டு, ராட்டினத்துக்கு ஒரு சீட்டு என்று இங்கே கிடையாது. எதில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் உள்ளே காலை வைத்தால் முழு நாளுக்கான காசு. பையைப் பார்த்துக்கொண்டு மரத்தடியில் உட்காரப்போகிறவருக்கும் அதேதான். 60 வயதுக்கு மேல் சலுகை விலை உண்டு, ஆனாலும் பெஞ்சில் உட்கார அது அதிகம். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, பெரியம்மாவுக்கு மூட்டுவலி. இரண்டு பேரிடமும் தனித்தனியாக, மற்றவர்கள் இல்லாதபோது கேட்டேன். கூட்டத்தில் கேட்டால் "எல்லாரும் போறீங்க, நான் மட்டும் எதுக்குடா" என்று கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். தனியாகக் கேட்டதும் அப்பா, "என்னை விட்டுடுப்பா" என்று நிம்மதியாகவே சொன்னார். கெங்கேரியில் சித்தி வீடு. ஓசூர் ரோட்டிலிருந்து நைஸ் ரோடு பிடித்து மைசூர் ரோட்டுக்கு வந்தால், வொண்டர்லா இருக்கிற பிடதிக்குப் போகிற வழிதான். இருவரையும் அங்கே இறக்கிவிட்டோம்.

ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 71 வயது ஆயாவையும் (எங்கள் பாட்டி) அந்தப் பட்டியலில்தான் சேர்த்திருந்தேன். "நான் வரேன், தண்ணியில இறங்குவேன்" என்று ஒரே பிடிவாதம். அன்றைக்கு வேவ் பூலிலிருந்து கடைசியாகக் கரையேறியது அவர்தான். அந்த ஒரு டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு ஒரு பைசா விடாமல் வசூலானது.

அடுத்தது பிள்ளைகள். வொண்டர்லாவில் வயதைப் பார்ப்பதில்லை, உயரம்தான். 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம், அங்கிருந்து 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் போனால் பெரியவர் டிக்கெட். எட்டாவது படிக்கிற பையன் குட்டையாக இருந்தால் உங்களுக்கு லாபம். பத்து வயதுப் பெண் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தால் நஷ்டம். ஆகவே பிறந்த தேதியைக் கேட்காமல் அளவு டேப்பை எடுங்கள். நாங்கள் ஆயுத பூஜைக்கு எல்லோரும் கூடியபோதே பிள்ளைகளைச் செருப்பில்லாமல் கதவு நிலையில் நிற்க வைத்து, தலைமேல் ஸ்கேலை வைத்து பென்சிலால் கோடு போட்டோம். அக்கா மகன் 139. அவன் குதிகாலைத் தூக்கப் பார்க்கிறான், அக்கா தோளைப் பிடித்து அழுத்துகிறாள். பெரிய ரைடுகள் சிலவற்றில் 140 இருந்தால்தான் ஏற்றுவார்கள் என்று அவனுக்கு எவனோ சொல்லியிருக்கிறான். மகனுக்கு ரைடு, அம்மாவுக்கு டிக்கெட் விலை.

நாள் விஷயத்தில் கர்நாடக எல்லையில் இருக்கிற எங்களுக்கு ஒரு வசதி. வார நாளுக்கு ஒரு விலை, சனி ஞாயிறுக்கும் விடுமுறைக்கும் கூடுதல் விலை என்பது பெரிய பார்க்குகளின் வழக்கம். கர்நாடகத்தில் சங்கராந்தி ஒரு நாளோடு முடிந்துவிடும். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் வார நாளில் வந்தால் நமக்கு லீவு, அவர்களுக்கு வேலை நாள். நாங்கள் போன அன்று வார நாள் விலைதான். இருந்தாலும் சீசன் விலை போட்டிருக்கலாம், முன்பதிவுப் பக்கத்தில் அந்தத் தேதியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேனுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். கூட்டம் குறைவான நாளில், வரிசையில் காத்திருக்காமல் ரைடில் ஏற கூடுதல் காசு கொடுத்து வாங்குகிற ஃபாஸ்ட் டிராக் டிக்கெட்டும் தேவைப்படாது. தலைக்குத் தலை அதை வாங்கினால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். ஜனவரி காலையில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, கூப்பனுக்கு வருவோம். எல்லோருக்கும் ஒரே புக்கிங் போடாதீர்கள். பொதுவாக ஒரு டிக்கெட்டில் இரண்டு சலுகை சேராது. அதனால் யாருக்கு எது அதிகம் குறைகிறதோ அப்படிப் பிரித்துப் போட வேண்டும். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் சென்னை வொண்டர்லா திறந்தபோது ஆன்லைனில் எடுத்தால் 10 சதவீதம், கல்லூரி அடையாள அட்டைக்கு 20 சதவீதம் என்று அறிவித்தார்கள். பொதுத்தேர்வு முடிகிற சமயத்தில் ஹால் டிக்கெட் காட்டும் மாணவர்களுக்கும் தனிச்சலுகை விடுவதுண்டு. அட்டையை மறந்து வந்தால் வாசலில் வாதாடிப் பயனில்லை. வங்கி கார்டு சலுகைகளில் 'அதிகபட்சம் இவ்வளவு ரூபாய்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த மாதிரி சலுகைக்கு 14 டிக்கெட்டை ஒரே கார்டில் எடுப்பதைவிட மூன்று மச்சான்களின் கார்டில் பிரித்து எடுப்பது மேல். குரூப் தள்ளுபடி எத்தனை பேரிலிருந்து தொடங்குகிறது என்பது பார்க்குக்குப் பார்க் மாறும், போன் போட்டுக் கேளுங்கள். இரண்டு பேர் குறைந்தால் பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் கணக்கைப் புரியும்படி முழு எண்ணாகச் சொல்கிறேன். டிக்கெட் 1,500 என்று வைத்துக்கொண்டால் 17 பேருக்கு 25,500. கைக்குழந்தை இலவசம், அப்பாவும் பெரியம்மாவும் வரவில்லை, அதில் 4,500 குறைந்தது. கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேருக்கு 20 சதவீதம் என்றால் 900. மற்ற ஏழு பெரியவர்களுக்கு 10 சதவீதம், 1,050. மூன்று சிறுசுகளுக்குத் தலைக்கு 300, ஆயாவுக்கு 400 குறைவு என்று போட்டால் 1,300. மொத்தம் 7,750 மிச்சம். அதில் பாதிக்கு மேல் வாங்காமல் விட்ட மூன்று டிக்கெட்டில் வந்தது. கூப்பன் தேடி ராத்திரி கண்விழித்ததில் வந்தது சொற்பம்.

விலையை ஒப்பிடும்போது ஜி.எஸ்.டி. சேர்ந்ததா சேராததா என்று பாருங்கள். தீம் பார்க் டிக்கெட்டுக்கு 28 சதவீதமாக இருந்ததை 2018 ஜனவரியில்தான் 18 ஆக்கினார்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் கடைசிப் பக்கத்தில் ஏறுகிற அந்த 18 சதவீதமே ஒரு மினி டூர் செலவு.

சாப்பாடு சேர்த்த பேக்கேஜில் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டோம். பல வருடங்களுக்கு முன்பு, வேறொரு பார்க், ஒரு ஏஜென்ட் மூலமாக எடுத்தது. எல்லோருக்கும் பஃபே கூப்பன். பெரியவர்கள் ஒரு கரண்டி தயிர் சாதத்தோடு எழுந்துவிட்டார்கள், பிள்ளைகள் ஐஸ்கிரீம் தவிர எதையும் தொடவில்லை. அன்றிலிருந்து டிக்கெட் தனி, சோறு தனி. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் காலை பத்து மணிக்கு வழியிலேயே வேனை ஓரம் கட்டி புளிசாதத்தை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போவோம். உள்ளே மதியம் ஏதாவது சிறியதாக வாங்கினால் போதும்.

தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் துணிதான், பருத்தி கூடாது. அங்கே போய் வாங்காமல் ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயாவுக்குக் கிருஷ்ணகிரி பஜாரில் லெக்கிங்ஸும் டி-ஷர்ட்டும் எடுத்தோம். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அவர் நின்ற நிலை இருக்கிறதே, அதற்குக் காசே இல்லை.

பிள்ளைகளைக் கிளம்புகிற வாரத்தில் இன்னொரு முறை அளந்துவிடுங்கள். நாங்கள் அளக்கவில்லை. ஆயுத பூஜைக்கு 139 இருந்த அக்கா மகன் பொங்கலுக்குள் வளர்ந்துவிட்டான். வாசலில் அளவுகோலுக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான், 141. வித்தியாசப் பணத்தைக் கட்டும்போது அக்கா என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள், அவன் அதற்குள் ரோலர் கோஸ்டர் எந்தப் பக்கம் என்று செக்யூரிட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.